சேர்க்கை முடிந்தது

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. காலை வழிபாட்டில் பிள்ளைகள் சேர்ந்து பாடுவது எங்கள் மாடி வரை கேட்கும். என் மனைவி அங்கே தலைமையாசிரியையாக இருந்த கடைசி ஆண்டுகளில் அந்த ஒலி மெலிந்துகொண்டே வந்தது. காற்று எதிர்த்திசையில் வீசும் நாட்களில் கேட்காமலே போய்விடும். இப்போது காற்று எங்கிருந்து வீசினாலும் கேட்கிறது. குரல்களின் பருமனைக் கொண்டே மாணவர் எண்ணிக்கை கூடியிருப்பதை என்னால் சொல்லிவிட முடியும். அவள் இறந்த பிறகு, அந்த நேரத்தில் மாடிக் கதவைச் சாத்திக்கொள்வது எனக்கு வழக்கமாயிற்று. துக்கத்தில் சாத்துகிறேன் என்று மகனும் மருமகளும் எண்ணினார்கள். நான் திருத்தவில்லை.

துக்கம் இருந்தது, இருக்கிறது. ஆனால் துக்கத்துக்குக் கதவு சாத்த வேண்டிய தேவை இல்லை. அது சாத்திய அறைக்குள்ளும் உடன் இருக்கும். நான் சாத்தியது பொறாமையால். கல்லூரியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், ஒரு தொடக்கப்பள்ளியின் வருகைப் பதிவு பெருகுவதைக் கண்டு மனம் புழுங்கினான் என்பது எழுத்தில் வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை.

ஓசூரின் விளிம்பில், தொழிற்பேட்டையை ஒட்டி இருப்பது எங்கள் பகுதி. ஒரு பக்கம் மனை பிரித்து வீடு கட்டியவர்களின் லேஅவுட். மறுபக்கம், தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்று நில உரிமையாளர்கள் வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகள். அவற்றை லைன் வீடுகள் என்பார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் அங்கே ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும். அண்மைக் காலமாக இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. இவை இரண்டுக்கும் நடுவில் பள்ளி. லேஅவுட்காரர்களின் பிள்ளைகள் எப்போதுமே அங்கே போனதில்லை. மஞ்சள் வேன்களில் தனியார் பள்ளிகளுக்குப் போனார்கள். பின்னர் லைன் வீடுகளின் வாசலுக்கும் மஞ்சள் வேன்கள் வரத் தொடங்கின. என் மனைவியின் தொல்லை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். ஆசிரியர் குறைந்தால் பெற்றோர் இன்னும் தயங்குவார்கள். எனவே ஒவ்வொரு ஏப்ரலிலும் அவளும் உதவி ஆசிரியைகளும் பதாகை பிடித்து வீடு வீடாகச் சென்றார்கள். அவளுடைய கடைசிச் சேர்க்கைப் பருவத்தில் ஒருநாள் நானும் உடன் நடந்தேன். வெயில் ஏறிய நேரம். பம்பைக்காரர் ஒருவர் முன்னே அடித்துச் சென்றார். லைன் வீடுகளுக்குள் நுழைந்ததும் ஒரு கதவு திறந்தது. கைலி கட்டிய இளைஞர் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஏம்மா, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து இப்பதான் படுத்தேன். நீங்க ஸ்கூலு நடத்துறீங்களா, திருவிழா நடத்துறீங்களா?”

“மன்னிச்சுக்குங்க தம்பி,” என்றாள் என் மனைவி. “வீட்ல அஞ்சு வயசுல பிள்ளை இருக்குதா?”

“இருக்குது. அதுவும் தூங்கிகினுதான் இருந்துச்சு. உங்க புண்ணியத்துல எழுந்துகிச்சு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அடுத்த வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்மணி ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

“எல்லாம் சரி டீச்சரம்மா. உங்க வூட்டு வாசல்ல தினம் மஞ்ச வேன் வந்து நிக்குதே, அது யாரை ஏத்திகினு போவுது?”

பம்பை நின்றது. இந்தப் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் யார் வாசலேறினாலும் கேட்கப்படும் கேள்விதான் அது. ஆசிரியர்கள் அதற்கு ஒரு மழுப்பலான விடையைக் கைவசம் வைத்திருப்பார்கள். என் மனைவிக்கு மழுப்பத் தெரியாது.

“என் பேத்திதாம்மா போவுது. அதுக்கு இப்ப மூணு வயசு. நம்ம ஸ்கூல்ல அந்த வயசுல சேத்துக்க முடியாது. ஒண்ணாங்கிளாசுக்கு நம்ம ஸ்கூலுக்குத்தான் வரும்.”

“வரட்டும், வரட்டும். அது வந்தப்புறம் எங்க பிள்ளைய அனுப்புறோம்.”

அன்று இரவு உணவின்போது அவள் மகனிடம் அதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டாள் என்பதே பொருந்தும். அவள் குரல் அப்படி இருந்தது. மகன் சப்பாத்தியைப் பிய்த்தபடியே, “அதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குல்லம்மா, அப்ப பாத்துக்கலாம்,” என்றான். மருமகள் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பொறியாளர். அவள் மரியாதையாகவே விளக்கினாள்: “அங்க சாயந்திரம் வரைக்கும் பாத்துக்கிறாங்க அத்தை. உங்க ஸ்கூல் சீக்கிரம் விட்டுடுது. நான் ஜெனரல் ஷிப்ட் முடிச்சு வர லேட்டாகுதே.” என் மனைவி தலையசைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள். பிறகு என்னிடம், “அவங்க சொல்றதும் நியாயந்தாங்க,” என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அந்த ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒரு பாயில் உட்காரக்கூடிய அளவே இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றாள். பணி ஓய்வு விருந்தின் புகைப்படங்கள் சட்டமிடப்பட்டு வந்து சேர்வதற்கு முன்பே நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

அவளுக்குப் பின் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து மாறுதலில் ஒருவர் தலைமையாசிரியையாக வந்தார். நாற்பது வயதுக்குள் இருப்பார். ஸ்கூட்டரில் வருவார், பின்னால் அவருடைய சிறிய மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் மனைவியை எல்லோரும் டீச்சரம்மா என்றார்கள். இவர் வந்த வாரமே மேடம் ஆகிவிட்டார்.

அவரைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் பால் பூத்காரர்.

“புரொபசர் சார், புது மேடம் லேசுப்பட்ட ஆளில்ல,” என்று அவர் தொடங்கினார்.

“நேத்து சாயந்திரம் கம்பெனி பஸ் வந்து நின்னுச்சா, நாங்க எறங்கறதுக்குள்ள மேடம் ஏறிடுச்சு,” என்று இடைமறித்தார் அங்கே நின்ற தொழிலாளி ஒருவர்.

“பஸ்சுக்குள்ளயா?” என்றேன்.

“உள்ளயே சார். ‘யாரும் எழுந்திரிக்காதீங்க, ரெண்டே நிமிஷம்’னு சொல்லி சீட்டு சீட்டா நோட்டீஸ் குடுத்துச்சு. டிரைவருக்கு ஒண்ணும் புரியல. டிக்கெட் கேட்டிருப்பாரு, கம்பெனி பஸ்ல டிக்கெட் இல்லாததால உட்டுட்டாரு.”

பால் பூத்காரர் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் எதையோ ஈடுகட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “நம்ம டீச்சரம்மா பாவம், வேகாத வெயில்ல வீடு வீடா நடப்பாங்க,” என்றார்.

அந்தப் ‘பாவம்’ என்னுடன் வீடு வரை வந்தது. வீட்டில் இருக்கும் தகப்பன் இரவு வேலை முடித்து உறங்குகிறான். பகல் வேலைக்குப் போன தாய் வீட்டில் இல்லை. இருவரும் விழித்த நிலையில் கைக்குக் கிடைக்கும் ஒரே இடம் கம்பெனி பஸ் நிற்கும் நிறுத்தம்தான். ஆண்டுக்கணக்காக இங்கே வாழ்ந்த எங்களுக்கு அது தோன்றவில்லை. புதிதாக வந்தவருக்குத் தோன்றியது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால் எனக்குள் ஒரு எதிர்வழக்கு நடத்தினேன். காலை உணவுத் திட்டம் என் மனைவி பதவியில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கு வரவில்லை. இவருக்கு வந்த வேகத்தில் கிடைத்தது. ஆங்கில வழிப் பிரிவு கேட்டு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதியவள் அவள். அனுமதி வந்தபோது நாற்காலியில் இவர் இருந்தார். தொழிற்சாலை ஒன்று சுவர்களுக்கு வண்ணம் பூசித் தந்ததும் இவர் காலத்தில்தான். தனியார் பள்ளிக் கட்டணம் ஏறி, மக்கள் தாங்களாகவே திரும்பி வந்ததும் இவர் காலத்தில்தான். வாசிப்புத் தேர்வில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒன்றியத்திலேயே நன்றாகச் செய்ததாகப் பேச்சு வந்தபோது நான் கணக்குப் போட்டேன்: அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து அறிவித்தவள் யார்? வழக்கு எனக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனால் நீதிமன்றத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவள் மருத்துவமனையில் இருந்தபோது, பார்க்க வந்த பழைய உதவி ஆசிரியை ஒருவர் முதல் வகுப்புச் சேர்க்கை நன்றாக இருப்பதாகச் சொன்னார். என் மனைவி கண்ணை மூடியபடி, “நல்லா வரட்டும்,” என்றாள். அவள் அதை மனமாரச் சொன்னாள். எனக்கு அவள் குரல் தெரியும். அவளிடம் இல்லாத பொறாமையை அவளுக்காக நான் வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகும் அதை இறக்கி வைக்கவில்லை. அவளுடைய பொருட்களில் எதையெல்லாம் யாருக்குக் கொடுப்பது என்று மருமகள் கேட்டபோது புடவைகளைப் பற்றி ஒரு முடிவு சொல்ல முடிந்தது. இதைக் கொடுக்க ஆள் இல்லை.

இந்த ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“அப்பா, பாப்பாவ ஒண்ணாங்கிளாசுக்கு நம்ம ஸ்கூல்லயே போட்டுடலாமான்னு பாக்குறோம்.”

“எந்தப் பள்ளி?” என்றேன். எனக்குப் புரியாமல் கேட்கவில்லை.

“அதாம்ப்பா, அம்மா ஸ்கூல்.”

சமையலறை வாசலிலிருந்து மருமகள் சேர்ந்துகொண்டாள். “எங்க கம்பெனியில ரெண்டு பேர் அங்கதான் சேத்திருக்காங்க மாமா. இப்ப சாயந்திரம் வாசிப்பு வகுப்புன்னு வெச்சு, ஷிப்ட் முடிச்சு நாங்க வர்ற வரைக்கும் பிள்ளைங்கள உக்கார வெச்சிருக்காங்களாம். வேன்ல போனா ரோட்டுல பாலம் கட்டுற வேலையால போக ஒரு மணி, வர ஒரு மணி. பாப்பா வண்டியிலயே தூங்கிடுறா. தமிழ்ல தன் பேர எழுதத் தெரியல.”

“அந்த மேடம் நல்லா பண்றாங்கப்பா,” என்றான் மகன். “ஆனா உங்களுக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருந்தா சொல்லுங்க, வேணாம். இப்ப போற ஸ்கூல்ல ஜூன் முதல் வாரத்துல ஃபீஸ் கட்டச் சொல்லியிருக்காங்க, அதுக்குள்ள சொன்னா போதும்.”

அவன் நல்லவன். தாயின் நினைவு எனக்கு நோகும் என்று கருதி என்னிடம் அனுமதி கேட்டான். அவன் தாய் கேட்டபோது மூன்று வருடம் இருக்கிறது என்றவன், அந்த மூன்று வருடம் முடிந்ததும் தானாக வந்து நிற்கிறான். யாரோ ஒருவர் பேருந்தில் கொடுத்த துண்டுத்தாளுக்கு இணங்கியிருக்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் ஒரு சொல்லில் பேத்தி தனியார் பள்ளியிலேயே இருந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரிந்தது. ‘வேண்டாம்’ என்பது எவ்வளவு சிறிய சொல், எவ்வளவு இனிய சொல் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். என் மனைவிக்குக் கிடைக்காதது இவருக்கும் கிடைக்காது. அந்த எண்ணத்தைப் பல நாட்கள் வெளியே எடுக்காமல் வைத்திருந்தேன்.

மே மாதத் தொடக்கத்தில் சேர்க்கை ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தது. மாலை நேரம், வெயில் தணிந்து ஓசூரின் காற்று வீசத் தொடங்கியிருந்தது. பம்பை இல்லை. பிள்ளைகள் மட்டும் கைதட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். பதாகையின் ஒரு முனையை தலைமையாசிரியையின் மகள் பிடித்திருந்தாள். நான் வாசல் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இவர் என்னிடம் பேத்தியைக் கேட்கப் போகிறார் என்று உறுதியாக நம்பினேன். அதற்கான மறுப்பையும் சுருக்கமாகவும் மரியாதையாகவும் அமைத்து வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு முன்பாகவே அவரைத் தடுத்து நிறுத்தினார் ஒருவர். அன்று கீரை ஆய்ந்துகொண்டிருந்த அதே பெண்மணிதான். இப்போது எதிர்வீட்டில் வேலை செய்கிறார்.

“மேடம், எல்லார் பிள்ளையயும் கூப்புடுறீங்களே, உங்க பிள்ளை எந்த ஸ்கூலுங்க?”

“இதோ, பேனரப் புடிச்சிகிட்டு நிக்குதே, அதுதாங்க என் பிள்ளை,” என்றார் தலைமையாசிரியை. “மத்த பிள்ளைங்கள நான் திட்டுனா வீட்ல போய் அம்மாகிட்ட சொல்லும். இது யாருகிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு வருஷமா முழிச்சுகிட்டு நிக்குது.”

தெருவே சிரித்தது. கேட்ட பெண்மணியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி மூன்று ஆண்டு தவணையில் ஒரு வாக்குக் கொடுத்து விடை சொல்ல வேண்டியிருந்த கேள்விக்கு, இவருக்கு விரலை நீட்டினால் போதுமாக இருந்தது. பள்ளி வயதில் ஒரு மகள் இருப்பது ஒரு சாதனையா? என் மனைவிக்கு வீட்டில் இருந்த சிறு பிள்ளை பேத்தி. பேத்திமீது பாட்டிக்கு உரிமை இல்லை. இதை அந்தத் தெருவில் யாரிடம் சொல்வது?

பின்னர் அவர் என் வாசலுக்கு வந்தார். “ஐயா, வணக்கம். நல்லா இருக்கீங்களா?” என்றார். நான் வணங்கினேன். ஒரு நோட்டீசைக்கூட நீட்டாமல், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தயாராக வைத்திருந்த மறுப்பு என்னிடமே தங்கிவிட்டது. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், கேட்காமல் போனதும் புண்பட்டுப்போனேன். இரண்டுக்கும் நடுவில் அவர் எனக்கு என்ன செய்திருக்க முடியும் என்று இன்று யோசித்தாலும் தெரியவில்லை.

அதன் பிறகும் நான் மகனுக்கு விடை சொல்லாமல் மே மாதத்தைக் கடத்தினேன். ஜூனில் பள்ளி திறந்தது, கட்டணம் கட்டும் நாள் நெருங்கியது. ஒரு காலையில் மருமகள் தயங்கிக்கொண்டே, “அப்ப பழைய ஸ்கூல்லயே ஃபீஸ் கட்டிடவா மாமா?” என்று கேட்டாள். ‘ஆமாம்’ என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அது உறைத்தது. கதவைத் திறந்து அவளைத் திட்டியவர், மகன், மருமகள் என்று என் மனைவியிடம் ஏதோ ஒரு வகையில் ‘வேண்டாம்’ சொன்னவர்களின் வரிசை ஒன்று உண்டு. அதன் கடைசியில், அவள் இறந்த பிறகு, நான் போய் நிற்க இருந்தேன்.

“கட்ட வேண்டாம். நாளை நானே அழைத்துப் போய் உன் அத்தையின் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன்,” என்றேன்.

பெரிய விட்டுக்கொடுத்தல் ஒன்றைச் செய்துவிட்டவனின் நடையில்தான் மறுநாள் பேத்தியின் கையைப் பிடித்துப் போனேன். பள்ளி வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை கட்டியிருந்தது: ‘முதல் வகுப்பு ஆங்கில வழிச் சேர்க்கை முடிந்தது.’

நின்று இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படித்தது எனக்காக அல்ல. இந்த வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரச் சொல்லி ஒவ்வொரு தாயையும் கெஞ்சியவள் அவள். இங்கே இடமில்லை என்று ஒரு பலகை தொங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். அதைப் பார்க்க அவளுக்குக் கிடைக்காமல், அதற்கு எந்த வகையிலும் தகுதியில்லாத எனக்குக் கிடைத்தது. அந்தக் கணத்தில் என் பொறாமை தலைமையாசிரியையை விட்டு விலகி என் கண்கள் மீதே திரும்பியது.

அலுவலக அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் ஓர் இளைஞர் தன் மகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மேற்சட்டையில் ஒப்பந்தக்காரரின் பெயர் அச்சிட்டிருந்தது. மகளிடம் தெலுங்கில் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “ஃபுல்லுன்னு போட்டுட்டாங்களே சார், கேட்டா குடுப்பாங்களா?” என்றார். தெரியாது என்றேன்.

தலைமையாசிரியை என்னை முதலில் அழைத்தார். கதவு திறந்தே இருந்தது. இளைஞர் நிலைப்படியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே. ரூமு கொள்ளாம போச்சுங்க. நேத்து ஒரு பிள்ளை அப்பாவுக்கு வேற ஊர் மாத்தலாகி டி.சி. வாங்கிட்டுப் போச்சு, அந்த ஒரு இடந்தான் இருக்குது. முதல்ல நீங்கதான் வந்திருக்கீங்க, பேத்திக்குப் போட்டுடலாம்.”

நிலைப்படியில் நின்றவர் மகளைத் தோள் மாற்றிக்கொண்டார்.

என் மனம் வேறிடத்தில் இருந்தது. ஆங்கில வழி என்பது இவர் வந்த பிறகு தோன்றியது. அந்த வகுப்பறை, அதன் வண்ணங்கள், அதன் நிரம்பி வழிதல் எல்லாம் இவருடையவை. பேத்தியை அங்கே உட்காரவைத்தால் இவருடைய எண்ணிக்கையில் ஒன்று கூடும். அவ்வளவுதான்.

“தமிழ் வழியில் இடம் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தமிழ் வழியிலயா? அதுல யார் ஐயா கேக்குறாங்க? எத்தனை பேர் வந்தாலும் சேத்துக்கலாம். இன்னும் நாலு பிள்ளை குறைஞ்சா அந்தப் பிரிவையே மூடச் சொல்லிடுவாங்க.”

தமிழ் வழிதான் என் மனைவியின் பள்ளி. அவள் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. கூடத்தின் கடைசியில் இருக்கும் அந்த அறையில்தான் அவள் முதல் வகுப்பு எடுத்தாள். அங்கே சேர்த்தால் பேத்தி சேர்வது அவளுடைய பள்ளியில். வேறு யாருடையதிலும் இல்லை. வெளியே போய் மகனைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“தமிழ் மீடியமாப்பா?” என்றான். பின்னணியில் இயந்திர இரைச்சல். “பின்னாடி கஷ்டப்படுவாளே…” இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து, “நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்றான்.

“தமிழ் வழியே நல்லது என்று நினைக்கிறேன்.”

“நீங்க சொன்னா சரிப்பா.”

உள்ளே வந்து சொன்னேன். தலைமையாசிரியை நிலைப்படியைப் பார்த்து, “வாங்கப்பா உள்ள. உங்க பிள்ளைக்கு எடம் கிடைச்சிருச்சு,” என்றார். இளைஞர் மகளை இறக்கிவிட்டு என் முன் கைகூப்பினார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார். பெரிய மனசு சார் உங்களுக்கு.”

“ஐயா மாதிரி படிச்சவங்க இப்படி முன்னால வந்தாதான் மத்தவங்களும் தமிழ் வழிக்கு வருவாங்க,” என்றார் தலைமையாசிரியை. அவர் கண்ணில் உண்மையான மரியாதை இருந்தது. நான் அதைப் பெற்றுக்கொண்டேன். இருவருக்கும் மறுப்புச் சொல்வதற்கு, என் மனத்தில் இருந்ததை அங்கே மேசைமீது எடுத்து வைக்க வேண்டியிருந்திருக்கும்.

“வகுப்பாசிரியர் யார்?” என்று கேட்டேன். என் மனைவியிடம் வேலை பார்த்த உதவி ஆசிரியைகளில் ஒருவர் இன்னும் அங்கே இருந்தார். அவராக இருக்கும் என்று எண்ணினேன்.

“நான்தாங்க ஐயா. ஆங்கில வழிக்கு அந்த டீச்சர் வேணும்னு பெத்தவங்க பிடிவாதம். பிள்ளை கம்மியா இருக்கறதால, ஒண்ணாங்கிளாசையும் ரெண்டாங்கிளாசையும் சேத்து இத நானே எடுத்துக்கிட்டேன். மூடிடக் கூடாதுன்னுதான் என் பொண்ணையும் இதுலயே சேத்தேன்.”

சொல்லிவிட்டு எழுந்து பேத்தியின் கையைப் பிடித்தார். பேத்தி என் கையை விட்டாள். விட்டதை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை. கூடத்தின் கடைசி அறைக்கு நானும் இளைஞரும் பின்னால் நடந்தோம். உள்ளே, ஒரு பாயில் உட்காரக்கூடிய அளவுக்கே பிள்ளைகள் இருந்தார்கள். தலைமையாசிரியை தரையில் அவர்களோடு உட்கார்ந்து, பேத்தியைத் தன் மகளுக்குப் பக்கத்தில் அமர்த்தினார். “பேர் என்ன?” என்று கேட்டார். பேத்தி சொன்னாள். “அத எழுதிப் பாக்கலாமா?” என்று சாக்பீசை எடுத்தார்.

ஜன்னலுக்கு வெளியே நான் நின்றேன். என் மனைவி உட்கார்ந்த இடத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். அவள் வாக்குக் கொடுத்த குழந்தையின் விரல்களுக்கு மேல் இவருடைய விரல்கள் இருந்தன. இவரிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே அந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அறையை மூடவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தவர் இவர்தான். முதல் எழுத்தின் சுழி சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். இரண்டாவது தடவை பேத்தி தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

இளைஞர் தன் மகளை அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தார். என்னைப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வாங்க சார், போலாம். இங்கயே நின்னுகினு இருந்தா மேடம் நம்மளயும் சேத்துக்கும்.”